பழைய காரின் ரெக்சினுக்குப் புது நிறம்: முதலில் கம்ப்யூட்டரில் பூசிப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. கடிதம் டைப் செய்தாயிற்று, பாட்டுக் கேட்டாயிற்று, போட்டோக்களையும் காப்பி செய்து வைத்தாயிற்று. இனி இதை வைத்து வீட்டுக்கு உபயோகமாக என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு இந்த மாதம் ஒரு வித்தியாசமான பாடம். வீட்டில் ஒரு பழைய அம்பாசிடரோ பத்மினியோ இருந்தால் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். சோபா, ஸ்கூட்டர் சீட், சுவர் என எதற்கு நிறம் மாற்றுவதாக இருந்தாலும் முறை இதுதான்.

என் சித்தப்பாவிடம் 1984 மாடல் அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. 1958 முதல் 2014 வரை கல்கத்தா அருகே உத்தர்பாராவில் தயாரான வண்டி அது. இன்று அதற்குப் புதிய டோர் பேட் வேண்டும் என்றால் கடைக்குக் கடை அலைய வேண்டும். இருப்பதைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம். வெளிர் நீலத்தில் இருந்த சீட்டும் டோர் பேடும் வெயிலில் வெளுத்துப் போயிருந்தன. டாஷ்போர்டின் மேல்பக்கம் முன்பு வைத்திருந்தவர் ஒட்டிய ரெக்சினும் அதே கதிதான். எல்லாவற்றையும் மரூன் ஆக்கிவிட வேண்டும், டாஷ்போர்டு மட்டும் கிரீம் நிறத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

வினைலுக்குப் பூசும் நிறத்தை அப்புறம் எடுக்க முடியாது. கரைத்து எடுக்க முயன்றால் அடியிலிருக்கும் வினைலும் சேர்ந்து கெடும். கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் + இசட் அழுத்தினால் போதும், பழையபடி ஆகிவிடும். ஆகவே தப்புத் தப்பாக முயற்சி செய்து பார்க்க வேண்டிய இடம் கம்ப்யூட்டர். ஸ்ப்ரே கேனை அதற்குப் பிறகு கையில் எடுக்கலாம்.

நிறம் மாற்றத் தகுந்தது எது?

நாம் ரெக்சின் என்று சொல்வது உண்மையில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே தயாரான செயற்கைத் தோல் ஒன்றின் வணிகப் பெயர். அது துணி மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசிச் செய்தது. இன்று குஷன் கடையில் ரெக்சின் என்று கேட்டால் கிடைப்பது துணியின் மேல் பி.வி.சி. பூசிய வினைல். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. மிகப் பழைய, ஐம்பதுகளுக்கு முந்தைய கார் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்கவும். உங்கள் வண்டியில் நிஜமாகவே அந்தப் பழைய வகைத் துணி இருந்தால் வினைல் ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் அதை அரித்துவிடலாம். அதில் கை வைக்க வேண்டாம்.

சீட் கிழிந்திருந்தால் நிறம் மாற்றுவதில் பயனில்லை. குஷன் கடையில் கொடுத்துப் புதிதாகத் தைத்துவிடுங்கள், நம் ஊரில் அதற்குக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். டோர் பேடின் கதை வேறு. அதில் உள்ள கோடுகளும் கட்டங்களும் பெரும்பாலும் தையல் அல்ல, தொழிற்சாலையில் சூட்டால் அழுத்திப் பதித்தவை. எந்தத் தையல்காரராலும் அதை அப்படியே திரும்பச் செய்ய முடியாது. டோர் பேட், சன் வைசர், ஆர்ம் ரெஸ்ட் போன்றவை கிழியாமல் வெளுத்து மட்டும் இருந்தால் நிறம் மாற்றுவதுதான் சரியான வழி. ஸ்டீயரிங், பெடல், சீட் பெல்ட் ஆகியவற்றை எந்தக் காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

போட்டோ எடுப்பது

வண்டியை நிழலில் நிறுத்திக் கதவுகளைத் திறந்து வைக்கவும். ஃபிளாஷ் வேண்டாம், வினைலில் வெள்ளைத் திட்டாக அடிக்கும். சீட்டின் மேல் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்து எடுங்கள். இந்தத் தாள் எதற்கு என்று சற்று நேரத்தில் தெரியும். தாள் வெளுத்துப் போகாமல் லேசான சாம்பல் நிறமாகத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருக்க வேண்டும். செல்போன் கேமராவே போதும்.

யு.எஸ்.பி. கேபிள் மூலம் படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, உடனே ஒரு காப்பி எடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். ஒரிஜினல் படத்தில் வேலை செய்யும் பழக்கமே கூடாது.

புரோகிராம்

இதற்காகக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. ஜிம்ப் என்ற இலவச புரோகிராம் போதும். 1995-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. இன்று உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்த்து வருகிறார்கள். ஜிம்ப் டாட் ஓ.ஆர்.ஜி. என்ற அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் டவுன்லோட் செய்யவும். தேடும்போது வரும் மற்ற தளங்களில் வேண்டாத புரோகிராம்களும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

இன்னொரு விஷயம். சீட்டை மரூன் ஆக்கு என்று எழுதிக் கொடுத்தாலே படத்தை மாற்றித் தரும் செயற்கை நுண்ணறிவு வசதிகள் இப்போது போனிலேயே வந்துவிட்டன. நானும் பார்த்தேன். படம் அழகாகத்தான் வருகிறது. ஆனால் அது உங்கள் சீட்டைப் புதிதாக வரைந்துவிடக்கூடும். இல்லாத தையல் முளைக்கும், இருக்கும் வெடிப்பு மறையும். நமக்குத் தேவை அழகான சீட் அல்ல. நம் சீட், அதன் வெடிப்பும் சுருக்கமும் அப்படியே இருக்க, நிறம் மட்டும் மாறியது.

ஜிம்ப்பில் ஃபைல் மெனுவில் ஓப்பன் கிளிக் செய்து படத்தைத் திறக்கவும். பழைய கம்ப்யூட்டர் என்றால் இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் சென்று அகலத்தை 2000 பிக்சலாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வேகமாக வேலை நடக்கும்.

இப்போது அந்த வெள்ளைத் தாள். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் என்பதைக் கிளிக் செய்யவும். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் கண்ணுக்கு மருந்து விடும் குழாய் போன்ற ஐகான்கள் இருக்கும். கர்சரை அவற்றின் மேல் வைத்தால் பெயர் தெரியும். எல்லா சேனல்களுக்கும் கிரே பாயின்ட் எடுப்பதற்கான ஐகானைத் தேர்ந்தெடுத்து, படத்தில் உள்ள தாளின் மேல் ஒரு கிளிக் செய்யுங்கள். கேமரா ஏற்றிய மஞ்சளோ நீலமோ நீங்கிவிடும். விண்டோஸில் நைட் லைட் வசதி ஆன் ஆகியிருந்தால் அதையும் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஆஃப் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிரீம், பிஸ்கட், பழுப்பு எல்லாம் ஒரே மாதிரி தெரியும்.

சீட்டை மட்டும் பிரித்தெடுப்பது

பொறுமை வேண்டிய கட்டம் இதுதான். லேயர் மெனுவில் டூப்ளிகேட் லேயர் கொடுத்துப் படத்தின் மேல் இன்னொரு நகலை உருவாக்குங்கள். லேயர் என்பது கண்ணாடித் தாள் போல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், தேவைப்படும்போது ஒன்றை எடுத்துவிடலாம்.

கீபோர்டில் எஃப் எழுத்தைத் தட்டினால் ஃப்ரீ செலக்ட் டூல் வரும். சீட்டின் ஓரமாக ஒவ்வொரு வளைவிலும் கிளிக் செய்துகொண்டே சுற்றி வந்து, தொடங்கிய புள்ளியில் மீண்டும் கிளிக் செய்து என்டர் தட்டவும். எறும்பு வரிசை போல ஓடும் புள்ளிக்கோடு சீட்டைச் சுற்றித் தெரியும். விட்டுப்போன இடத்தைச் சேர்க்க ஷிப்ட் அழுத்திக்கொண்டும், தவறிச் சேர்ந்த இடத்தை நீக்க கன்ட்ரோல் அழுத்திக்கொண்டும் மறுபடி வரையலாம். அந்த வெள்ளைத் தாளை இப்படித்தான் வெளியே தள்ள வேண்டும். படத்தைப் பெரிதாக்கி வேலை செய்தால் கண் வலிக்காது.

முடிந்ததும் செலக்ட் மெனுவில் ஃபெதர் சென்று 2 பிக்சல் கொடுங்கள். ஓரம் கத்தரித்தது போல இல்லாமல் மென்மையாகும். அடுத்து அதே மெனுவில் சேவ் டு சேனல் கொடுத்து இந்த செலக்ஷனைச் சேமித்துவிடுங்கள். அரை மணி நேர வேலை இது. சேமிக்காமல் மின்சாரம் போனால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். மீண்டும் தேவைப்படும்போது சேனல்ஸ் பகுதியில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து, சேனல் டு செலக்ஷன் கொடுத்தால் புள்ளிக்கோடு திரும்பி வரும். ஃபைலை எக்ஸ்.சி.எஃப். வகையில் சேமித்தால்தான் லேயர்களும் சேனல்களும் அப்படியே இருக்கும்.

நிறம் ஏற்றுவது

புதியவர்கள் பலரும் பக்கெட் படம் போட்ட டூலை எடுத்துச் சீட்டில் நேராக நிறத்தைக் கொட்டுவார்கள். சீட் முழுவதும் சார்ட் பேப்பர் ஒட்டியது போல ஆகிவிடும். தையல் இல்லை, நிழல் இல்லை, பள்ளம் மேடு இல்லை. ஒரு சீட்டை நம் கண் சீட்டாக உணர்வது அதன் ஒளியாலும் நிழலாலும்தான். அவற்றைத் தொடாமல் நிறத்தை மட்டும் மாற்றுவதுதான் வித்தை.

லேயர் மெனுவில் நியூ லேயர் கொடுத்து, உள்ளே எதுவும் இல்லாத ட்ரான்ஸ்பரன்ட் லேயர் ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். டூல் பாக்ஸில் உள்ள நிறக் கட்டத்தை டபுள் கிளிக் செய்து மரூன் நிறத்தைத் தேர்ந்தெடுக்கவும். ஆரம்பத்துக்குச் சிவப்பு 107, பச்சை 31, நீலம் 35 என்று கொடுத்துப் பாருங்கள். கன்ட்ரோல் + கமா அழுத்தினால் புள்ளிக்கோட்டுக்குள் மட்டும் அந்த நிறம் நிரம்பும். இப்போது லேயர்ஸ் பகுதியின் மேலே மோடு என்று இருக்கும் இடத்தில் நார்மல் என்பதை மாற்றி எச்.எஸ்.எல். கலர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறமும் அதன் அடர்த்தியும் மேல் லேயரில் இருந்து வரும், வெளிச்சம் மட்டும் கீழே உள்ள படத்தில் இருந்து வரும்.

மரூன் கேட்டீர்கள். வந்திருப்பது ரோஜாப்பூ நிறம். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “என்னடா இது, கல்யாண மண்டப நாற்காலி மாதிரி இருக்கு” என்றார். கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. பழைய சீட் வெளிர் நீலம், அதாவது வெளிச்சம் அதிகம். அந்த வெளிச்சத்தைத் தொடாமல் சிவப்பு ஏற்றினால் ரோஜா நிறம்தான் வரும். மரூன் என்பது வெளிச்சம் குறைந்த சிவப்பு.

ஆகவே கீழே இருக்கும் நகல் லேயரைக் கிளிக் செய்து, மீண்டும் கலர்ஸ், லெவல்ஸ் செல்லுங்கள். இன்புட் லெவல்ஸ் பகுதியில் மூன்று முக்கோணங்கள் இருக்கும். நடுவில் உள்ளதை மெல்ல வலது பக்கம் நகர்த்துங்கள். ரோஜா மங்கி, சிவந்து, மரூனாக இறங்குவது கண்ணெதிரே தெரியும். தையலும் சுருக்கமும் அப்படியே இருக்கும். மஞ்சள், நீலம் போன்ற நிறங்களில் வெளிச்சம் ஏடாகூடமாகத் தெரிந்தால் எச்.எஸ்.எல். கலருக்குப் பதில் எல்.சி.எச். கலர் மோடைப் பயன்படுத்திப் பாருங்கள். நம் கண் உணரும் வெளிச்சத்துக்கு அது இன்னும் நெருக்கமானது.

உங்கள் சீட் கறுப்பாக இருந்து, அதைப் பிஸ்கட் நிறம் ஆக்க விரும்பினால்? எச்.எஸ்.எல். கலர் மோடில் நிறம் ஏற்றியும் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். நடு முக்கோணத்தை இடது பக்கம் வெகுதூரம் இழுக்க வேண்டியிருக்கும், படமும் புள்ளி புள்ளியாக உடைய ஆரம்பிக்கும். இது கம்ப்யூட்டருக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. நிஜ வினைலிலும் இப்படித்தான். வெளிர் நிறத்தின் மேல் அடர் நிறம் சில மெல்லிய பூச்சிலேயே மூடிவிடும். அடர் நிறத்தின் மேல் வெளிர் நிறம் ஏற்றப் பூச்சு மேல் பூச்சாக அடிக்க வேண்டும், கனம் கூடும், வினைலின் தோல் போன்ற பதிவு மறையும். அதற்குப் பிறகும் உராயும் இடத்தில் பழைய கறுப்பு எட்டிப் பார்க்கும். நீங்கள் ஏறி இறங்கும் பக்கம், டிரைவர் சீட்டின் ஓரப் பைப்பிங்தான் முதலில் போகும். லெவல்ஸ் முக்கோணத்தை எவ்வளவு தூரம் இழுக்கிறீர்களோ அவ்வளவு சிரமம் கேரேஜிலும் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இடது பக்கம் இழுக்க வேண்டியிருந்தால் நான் அந்த நிறத்தையே சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடையில் இருக்கும் நிறம்

கம்ப்யூட்டரில் கோடிக்கும் மேல் நிறங்கள் உண்டு. கடை ஷெல்ஃபில் இருப்பது சில டஜன். ஸ்கிரீனில் பிடித்த நிறத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் இதே மாதிரி கொடுங்கள் என்று கேட்பது வீண். பிரின்டரின் மை ஒரு நிறம் காட்டும், மானிட்டர் ஒன்று காட்டும். நேர்மாறாகச் செய்யுங்கள். வினைல் ஸ்ப்ரே விற்கும் கடையில் ஷேட் கார்டு வாங்கி வந்து, அதைச் சீட்டின் மேல் வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து அதே நிழலில் போட்டோ எடுங்கள். தாளைக் கிளிக் செய்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு ஓ எழுத்தைத் தட்டிக் கலர் பிக்கர் டூலை எடுத்து, சாம்பிள் ஆவரேஜ் என்பதை டிக் செய்து, கார்டின் நிறத்தில் ஒரு கிளிக். அந்த நிறம் உங்கள் டூல் பாக்ஸில் வந்துவிடும். வாங்க முடிந்த நிறத்தை மட்டும் பூசிப் பார்க்கிறீர்கள்.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு லேயர் வைத்து, பக்கத்தில் உள்ள கண் ஐகானைக் கிளிக் செய்து மாற்றி மாற்றிக் காட்டலாம். எங்கள் வீட்டில் மரூன், அடர்பச்சை, சாக்லேட் என்று மூன்று வைத்தேன். மரூன் ஜெயித்தது.

ஸ்கிரீன் காட்டாதது

டாஷ்போர்டைக் கிரீம் நிறத்தில் காட்டியதும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் ஒன்றைப் படம் சொல்லாது. டாஷ்போர்டின் மேல்புறம் முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும். அது வெளிர் நிறமாக இருந்தால் வெயில் நேரத்தில் கண்ணாடி முழுவதும் ஒரு வெள்ளைத் திரை விழும். எதிரே நிழலில் நடந்து வருபவர் அந்தத் திரையில் மறைந்துபோவார். பல கார்களில் அந்த இடம் மினுக்கம் இல்லாத அடர் நிறத்தில் இருப்பதன் முக்கியக் காரணம் இதுதான்.

இதைச் சோதிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரு வெள்ளை வேட்டி போதும். நடுப்பகலில் வண்டியை வெயிலில் நிறுத்தி, வேட்டியை மடித்து டாஷ்போர்டின் மேல் விரித்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வெளியே பாருங்கள். பிறகு அதே இடத்தில் ஒரு கறுப்புத் துணி. சித்தப்பா இரண்டையும் பார்த்தார். “வேண்டாம்டா, கறுப்பாவே அடிச்சிடு” என்றார். கிரீம் நிறம் சன் வைசரோடு நின்றுவிட்டது.

மினுக்கத்தையும் படம் சரியாகக் காட்டாது. ஸ்ப்ரே வாங்கும்போது மேட் அல்லது சாட்டின் என்று கேட்டு வாங்குங்கள். கிளாஸ் வகை அடித்தால் சீட்டுக்கு மழைக்கோட்டு போட்டது போல இருக்கும்.

நிஜப் பூச்சு

வினைல் டை, அதாவது சாயம் என்று விற்றாலும் அது துணிச் சாயம் போல உள்ளே ஊறுவது அல்ல. வளைந்தாலும் வெடிக்காத மெல்லிய பெயின்ட். அதில் உள்ள கரைப்பான் வினைலின் மேல்பரப்பைச் சற்று இளக்கி, அதோடு பிடித்துக்கொள்கிறது. ஆகவே மேல்பரப்பு சுத்தமாக இருந்தால்தான் பிடிக்கும். டாஷ்போர்டு பளபளக்கப் பூசும் பாலிஷ்களில் பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. அது இருக்கும் இடத்தில் பூச்சு மீன்கண் போல வட்ட வட்டமாக விலகும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் கொண்டு தேய்த்து, கழுவி, காயவைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். பிறகு கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலையில் போல முத்து முத்தாக நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது, மறுபடி கழுவவும். ஒரே படலமாகப் பரவினால் தயார்.

டோர் பேடைக் கழற்றி வெளியே வைத்துத்தான் அடிக்க வேண்டும். காரின் உள்ளே உட்கார்ந்து ஸ்ப்ரே செய்யவே கூடாது. கரைப்பான் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். தூசுக்குப் போடும் துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, கார்பன் ஃபில்டர் உள்ள மாஸ்க் வேண்டும். கேனை 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, முதல் பூச்சைப் பனி தூவியது போல மட்டும் அடியுங்கள். அடி நிறம் தெரிந்தால் தெரியட்டும். கேனில் போட்டிருக்கும் இடைவெளி விட்டு மூன்று நான்கு மெல்லிய பூச்சு. மழைக்கால ஈரக் காற்றில் அடித்தால் வெண்மையாகப் பூத்துவிடும். வறண்ட நாளின் காலை நேரம் நல்லது.

எல்லாவற்றுக்கும் முன், சீட்டின் அடிப்பக்கம் யாரும் பார்க்காத இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அடித்து ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பிறகு செலோ டேப் ஒட்டிச் சடக்கென்று உரித்துப் பாருங்கள். சோப்புத் தண்ணீர் தொட்ட வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தும் பாருங்கள். டேப்பிலோ துணியிலோ நிறம் வந்தால் அந்த ஸ்ப்ரே உங்கள் வினைலுக்கு ஆகாது, அல்லது இன்னொரு முறை கழுவ வேண்டும். வராவிட்டால் அந்தத் துண்டைப் பகல் வெளிச்சத்தில் ஸ்கிரீன் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் கொஞ்சம் வேறுபட்டால் நம்ப வேண்டியது சீட்டுக்கு அடியில் இருப்பதைத்தான். ஜிம்ப்பில் லெவல்ஸைச் சற்று நகர்த்தி அதற்குச் சரியாகக் கொண்டுவந்துவிட்டால், மற்ற மூன்று டோர் பேடும் எப்படி வரும் என்று அன்றே பார்த்துவிடலாம்.